எட்டாம் எண் வீட்டின் நிறம்

"பதினோரு வீடு வெள்ளை. உங்க வீடு மட்டும் ஆரஞ்சு. ஏன் சார்?"

பாரம்பரியக் கட்டடப் பிரிவு அதிகாரி கேட்டார். எட்டாம் எண் வீட்டை விடுதியாக நடத்துபவர் வாசல் கைப்பிடியின் பித்தளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடற்கரைச் சாலையில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வீடுகள். கப்பல் மாதிரி வளைந்த முனை, வட்ட ஜன்னல், மொட்டை மாடி. ஒன்றைப் பார்த்தால் பன்னிரண்டையும் பார்த்தாயிற்று. அதைப் பார்க்கத்தான் இந்த ஊருக்கு அத்தனை கூட்டமும் வருகிறது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள தெருவில் இஷ்டத்துக்கு வண்ணம் அடிக்க முடியாது.

வந்த புகாரோ ஒன்றல்ல, ஒன்பது. ஒன்பதும் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நீச்சல் டீச்சர் எழுதியவை. ஒன்பதிலும் ஒரே வாசகம்: 'எட்டாம் எண் வீட்டின் நிறம் தெருவுக்கே அவமானம்.'

அதிகாரி சின்னக் கத்தியால் சுவரைச் சுரண்டினார். மேலே ஆரஞ்சு, அடியில் வெள்ளை.

"முன்னாடி வெள்ளையாத்தானே இருந்திருக்கு?"

"ஆமா. போன வருஷம் நான்தான் மாத்தினேன்."

உள்ளே போனதும் அதிகாரிக்கு மண்டை காய்ந்தது. ஒரு பழைய சுவிட்சைக்கூட மனிதர் மாற்றவில்லை. உடைந்துபோன ஒரே ஒரு தரைக்கல்லுக்காக மூன்று மாதம் அலைந்து, அதே மாதிரி வார்த்து வாங்கிப் பதித்திருந்தார். இவரா வெளியே இந்த அலங்கோலத்தைப் பண்ணினார்?

"உங்களுக்கு ஆரஞ்சுன்னா அவ்வளவு பிடிக்குமா?"

"எனக்கா? கண்ணு கூசுது சார். நானே பின்வாசல் வழியாத்தான் போய்வர்றேன்."

"அப்ப வெள்ளை அடிக்க வேண்டியதுதானே!"

"அது மட்டும் முடியாது."

"டீச்சரை வம்புக்கு இழுக்கிறீங்களா?"

"சேச்சே! அவங்க எழுதினது அத்தனையும் நியாயம்."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதிகாரி பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார்.

"காரணத்தைச் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறேன்."

"பதிவு பண்ணுவீங்கன்னுதான் சார் சொல்லல."

"பத்து நாள்ல மாத்தலைன்னா விடுதி லைசென்ஸே போயிடும். தெரியுமா?"

"தெரியும்." விடுதிக்காரரின் குரல் இறங்கிவிட்டது. துடைத்த துணியை மடித்து வைத்தார். "போனா... போகட்டும்."

இப்படியும் ஒரு பிடிவாதக்காரனா! எரிச்சலோடு வெளியே வந்த அதிகாரி, கையோடு டீச்சரிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிவிடலாம் என்று நினைத்தார். டீச்சரே எதிரில் வந்தார். கடலில் குளித்த ஈரத் தலை, தோளில் துண்டு, விறைப்பான நடை.

அதிகாரி தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டார்.

"அப்பாடா, வந்தீங்களே! இந்தக் கலரைப் பத்தி ஒரு புகார் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருக்கேன் தம்பி."

"நீங்கதான் ஒன்பது எழுதியிருக்கீங்களே, டீச்சர்?"

"நானா? இன்னும் ஒண்ணுகூட எழுதலையே!"

அதிகாரி விழித்தார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்க யாரு தம்பி?" என்றார்.

 அதிகாரி சட்டென்று வீட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அதே வளைவு, அதே ஜன்னல், அதே கதவு.

"டீச்சர், எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கே. உங்க வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"ஏன் கேக்கறீங்க! முன்னெல்லாம் கண்ட வீட்டுக் கதவையும் தட்டி, மானம் போச்சு. ஒருநாள் இருட்டுற வரைக்கும் தெருவுல நின்னு அழுதிருக்கேன். இப்ப அந்தத் தொல்லையே இல்ல."

டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு, தடுமாறாமல் தன் வீட்டுப் படியேறினார்.

"இந்தக் கண்றாவி ஆரஞ்சுக்கு அடுத்த கதவு என்னுது. அது கிடக்கட்டும், இவனை எப்ப தம்பி வெள்ளை அடிக்க வைக்கப்போறீங்க?"