உபதேசியார் வீட்டுப் பீர்

வாசலில் போலீஸ் சைக்கிள் வந்து நின்றதும் சவுரியப்பன் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய அந்தச் சின்ன ஊரில், கோயில் உபதேசியார் அவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். அப்பேர்ப்பட்டவரின் பின்னறையில், அதுவும் எண்பத்தைந்தாம் வருடத் தவக்காலத்தில், கோணி போர்த்திய பானைக்குள் அவரே போட்ட பீர் நுரைகட்டிக் கொண்டிருந்தது. கேஸ் என்று வந்தால் வேலை போவது இருக்கட்டும், பூசையில் யார் முகத்தில் விழிப்பது?

ஏட்டு முனியப்பன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டபடியே கேட்டார். "பீரை எங்கங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அப்படி எதுவும் இல்லை என்று சவுரியப்பன் மென்று விழுங்கினார்.

"மழுப்பாதீங்க. பின்னாடி ரூமை நீங்க பூட்டியே வெச்சிருக்கறது ஊருக்கே தெரியும். மரியாதையா வெளிய வரட்டும். அங்க இன்ஸ்பெக்டர் கொதிச்சுப் போயிருக்காரு."

அடுக்களையிலிருந்து மனைவி புஷ்பமேரி எட்டிப் பார்த்தாள். பானையைக் கவிழ்க்கச் சொல்லி ஒரு வாரமாக அவள் கரடியாகக் கத்தியிருந்தாள்.

இனி மறைத்துப் பயனில்லை. வாய்க்கு ருசியாகக் கொடுத்தாலாவது ஏட்டு மனம் இளகாதா என்ற நப்பாசையில், ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினார். ஏட்டு சொம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மோந்து பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

முதலில் அவர் முகம் மாங்காய் கடித்த மாதிரி சுருங்கியது. அப்புறம் மெல்ல விரிந்தது.

"நல்ல புளிப்பு. ராகி வாசமும் வருது. கடைசியா நாக்குல துவர்ப்பா ஒண்ணு நிக்குதே, அது என்னங்க?"

அந்தப் பயத்திலும் சவுரியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. ராகியை முளைகட்டி, வறுத்து, காய்ச்சி ஆற வைத்ததைச் சொன்னார். ஈஸ்ட் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. திராட்சையைக் கழுவாமல் தோலோடு நசுக்கிப் போட்டதில் அதுவே தானாகப் பொங்கிவிட்டது என்றும் சொன்னார்.

"திராட்சை ஏது?"

அவர் தலை கவிழ்ந்தது. பூசை ரசத்துக்கென்று பங்குச் சாமியார் வளர்க்கும் கொடியில் கை வைத்ததையும் ஒப்புக்கொண்டார். உள்ளே போடுவதென்றால் போடுங்கள், சாமியார் காதுக்கு மட்டும் போக வேண்டாம் என்று கெஞ்சும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்காததையெல்லாம் இப்படிக் கொட்டுகிறாரே என்று புஷ்பமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏட்டு கடைசிச் சொட்டுவரை குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு சொம்பு கொண்டாங்க, உபதேசியாரே. அப்படியே, இன்ஸ்பெக்டர் யூனிபார்மைத் தைக்காம டிமிக்கி குடுத்துட்டுத் திரியற உங்க கூட்டாளி, டெய்லர் பீர் பாஷாவையும் வெளிய வரச் சொல்லுங்க."