பெயர் வைக்காத காற்று

வானிலை அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடி தடதடவென்று அதிர்கிறது. கணினித் திரையில் கடல்மேல் சுழலும் காற்றின் வேகம் மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். அறுபத்திரண்டைத் தொட்டால்தான் அது புயல். புயலானால்தான் அதற்குப் பெயர். பல நாடுகள் கூடி என்றோ எழுதிவைத்த பெயர்ப் பட்டியல் அதிகாரியம்மாவின் விரலுக்கடியில் கிடக்கிறது. காலையிலிருந்து ஒன்பதாவது தடவையாகத் தொலைபேசி அலறுகிறது. மறுமுனையில் அவருடைய தம்பி. துறைமுகத்தில் மீன்பிடிப் படகு வைத்திருப்பவன். பின்னணியில் இன்ஜின்கள் உறுமுகின்றன. "அக்கா, பேர் வச்சாச்சா?" "இல்லடா. ஆனா கடலுக்குப் போகாதே. எச்சரிக்கை குடுத்தாச்சு, படிச்சியா இல்லையா?" "பேரில்லாத காத்துக்குப் பயந்து கரையில உக்காந்தா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. மத்த ஏழு படகும் கிளம்பியாச்சு, நான்தான் பாக்கி." அவர் நெற்றியில் அடித்துக்கொள்கிறார். "ஐம்பத்தெட்டுடா! உன் படகைக் கவுக்க அது போதும்!" "நம்பரெல்லாம் சொல்லாதேக்கா, புரியாது." இன்ஜின் சத்தம் கூடுகிறது. அவர் கண்களை மூடித் திறந்து, பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறார். "இன்னும் வைக்கல. வச்சா, செவ்வந்தி." "செவ்வந்தியா? ஐயையோ, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? டேய், கயித்தைக் கட்டுங்கடா! போனவங்களையும் ஒயர்லெஸ்ல திரும்பக் கூப்பிடுங்க, செவ்வந்தி வருதாம்!" இன்ஜின் அடங்குகிறது. அதிகாரியம்மா ரிசீவரைப் பிடித்தபடியே திரையை முறைக்கிறார். வேகம் இன்னும் ஐம்பத்தெட்டுதான்.