நாற்பத்திரண்டாவது பதிவு

வெள்ளத்தில் சிக்கியவர்கள் தாங்கள் பத்திரமாக இருப்பதைத் தெரிவிக்க, அன்று காலைதான் அவள் அலுவலகத்தில் அவசர அவசரமாக ஓர் இணையப் படிவத்தைச் செய்து முடித்திருந்தாள். பெயர், வயது, இருக்கும் இடம், குறிப்பு. அனுப்பு பொத்தானை அழுத்தினால் டேட்டாபேஸில் ஒரு பதிவு ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் ஒழுங்காத்தான் சேமிக்குதும்மா. போய்ச் சாப்பிட்டுட்டு வா," என்றார் மேலாளர்.

"பரவாயில்ல சார். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

மூன்று மணிக்கு அவரே வேகமாக வந்தார். "ஒரே போன்லேருந்து இருபது பதிவு வந்திருக்கு. யாரோ விளையாடறாங்க. அந்த போனைத் தடுத்துடு."

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். பெயரும் வயதும் வேறு வேறு. இடம் மட்டும் ஒன்றே, ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடி.

"விளையாடறவன் எட்டு மாசக் குழந்தைக்கெல்லாம் ஃபாரம் நிரப்ப மாட்டான் சார். போன் நனைஞ்சு போனவங்களுக்காக யாரோ போட்டுக்கிட்டிருக்காங்க. தடுக்க வேணாம்."

"தப்பாப் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

அந்த போனிலிருந்து மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள் ஏறின. பிறகு பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. நாற்பத்திரண்டாவது வந்ததும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேலாளர் பதறிப்போய்த் திரையைப் பார்த்தார். குறிப்பில், 'பஸ் டிரைவர். பயணிகள் எல்லாரும் பத்திரம்' என்று இருந்தது.

"யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரர் சார். நேத்துலேருந்து பஸ்ஸோட காணோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வண்டியில இருந்த அத்தனை பேரையும் பதிஞ்சிட்டு, கடைசியாத்தான் தன் பேரைப் போட்டிருக்காரு."