கட்டிமேல் ஊர்

எங்கள் தீவில் காற்று அடிக்கும்போது, காற்றாலை ஒரு பெரிய கான்கிரீட் கட்டியைக் கோபுர உச்சிக்குத் தூக்கி வைத்துவிடும். காற்று நின்றதும் கட்டி மெல்ல இறங்கும்; இறங்குகிற கனத்தில் கரண்ட் வரும். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று காற்றே இல்லை. கட்டி பாதி தூரம் இறங்கியபோது ஊரிலுள்ள டிவியெல்லாம் விட்டு விட்டு எரிந்தன.

ஆபரேட்டர் செலஸ்டின் மைக்கில் சொன்னான்: "கனம் பத்தல. நல்ல உடம்புள்ளவங்க படியேறி வந்து கட்டிமேல உக்காருங்க."

முதலில் மீன் ஏலக்காரர் கஸ்பார் மட்டும் போனார்.

"ஊருக்கு உழைக்க அவரு ஒருத்தர்தான் இருக்காரா?" என்று பிலோமியக்கா சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அதைக் கேட்டு மற்றவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. எல்லோரும் ஏறினோம். கடைசியில் செலஸ்டினும் ஏறினான். கரண்ட் பிரமாதமாக வந்தது.

கடைசி ஓவரில், கீழே ஆளில்லாத வீடுகளில் அத்தனை டிவியும் ஒரே நேரத்தில் ஆர்ப்பரித்தன.

"யாரு ஜெயிச்சா?" என்றார் கஸ்பார்.

"இறங்கிப் பாத்துட்டு வர்றேன்" என்று பிலோமியக்கா எழுந்தாள்.

செலஸ்டின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உக்காருங்கக்கா. நீங்க இறங்கினா டிவி அணைஞ்சிரும். அப்புறம் யாருமே மேட்ச் பாக்க முடியாது."