கார்ன்ஃப்ளாரும் செகரட்டரியும்

“யார் வீட்டு வேலை இது?”

செகரட்டரி சுப்பராயன் போட்ட கூச்சலில் அந்த முகப்பேர் ஃபிளாட்டே இறங்கி வந்துவிட்டது. ஆவடியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் ரிட்டயர் ஆனார், குரல் ஆகவில்லை.

தரைத்தளத்தில் அவர் வீட்டு சிங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பிளம்பர் தசரதன் கீழே குழாயைக் கழற்றி, வெள்ளையாக ஒரு உருண்டையை வெளியே எடுத்தார்.

“இன்னா சார் இது? அமுக்குனா கல்லாட்டம் கீது, உட்டா தண்ணியாட்டம் ஓடுது!”

“கார்ன்ஃப்ளார் மாவும் தண்ணியும். ரெண்டாவது மாடி ரேவதி மேடம் சயின்ஸ் சொல்லித் தர்றாங்களாம்!” கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை சுப்பராயன் முகத்தில்.

ரேவதிக்கு ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஃபிளாட் பிள்ளைகளைத் தன் சமையலறையில் கூட்டிவைத்து, டப்பாவில் இருப்பதை வைத்தே பாடம் நடத்துவாள். போன வாரம் கார்ன்ஃப்ளார். செல்போனை மறந்து, பிள்ளைகள் வாரம் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சார், நாங்க சிங்க்ல ஒரு சொட்டுகூட ஊத்தல. கவர்ல கட்டிக் குப்பையிலதான் போட்டோம்” என்றாள் ரேவதி.

“அப்ப மாவு தானா நடந்து வந்துச்சா? எல்லார் வீட்டுத் தண்ணியும் இந்தக் குழாய் வழியாத்தானே இறங்குது! இன்னையோட கிளாஸ் குளோஸ்!”

பிள்ளைகளின் முகம் செத்துவிட்டது. அவர்களில் சின்னவள் நிவேதிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், இந்த வாரம் எலுமிச்சம்பழத்தில் பல்பு எரியவிடுவதாக இருந்தார்கள்.

சுப்பராயன் விடவில்லை. “இதெல்லாம் ஒரு படிப்பா? குத்தினா கல்லு மாதிரி நிக்கும், மெதுவா விட்டா விரல் உள்ள போகும், வெடுக்குனு இழுத்தா கிண்ணமே கூட வரும். திங்கற பொருளை வீணடிக்கிறதுக்கு சயின்ஸுனு பேரு!”

நிவேதிதா மூக்கை உறிஞ்சினாள். “கிண்ணமே கூட வருமா அங்கிள்? அதை நாங்க செஞ்சு பாக்கலையே!”

“பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத!”

அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போயிருந்த அவர் மனைவி வசந்தகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெயிலில் நடந்த எரிச்சலில், யார் எவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

“இந்தாங்க, நீங்க கேட்ட கார்ன்ஃப்ளார், பெரிய பாக்கெட். இந்த வாட்டியாவது விளையாடி முடிச்சதும் சிங்க்ல கொட்டாம குப்பையில போடுங்க!”