தமயந்தி மிஸ்ஸின் பதினோரு பிள்ளைகள்

வீட்டு முகவரி இல்லாத மாணவரின் பெயரைப் பள்ளிக் கணினி தானாகவே நீக்கிவிடும். பஸ் நிலையத்தில் தனியாகத் தூங்கிவந்த ஒன்பதாம் வகுப்பு சுகிர்தாவுக்கு அந்த நிலை வந்தபோது, தலைமையாசிரியை தமயந்தி தன் வீட்டு முகவரியைக் கொடுத்தார்.

"உறவுமுறை?" என்று கணினி கேட்டது.

ஐம்பத்திரண்டு வயதுவரை கல்யாணமே செய்துகொள்ளாத தமயந்தி, "மகள்" என்றார்.

விஷயம் பரவியது. மாதக் கடைசிக்குள் வீடில்லாத இன்னும் பத்துப் பேர் அவருக்குப் பிள்ளைகளானார்கள்.

சுகாதாரத் துறைக் கணினியிலிருந்து செய்தி வந்தது: "ஒரே மாதத்தில் பதினோரு பிரசவம். நன்றாக ஓய்வெடுங்கள், அம்மா." ஞாயிற்றுக்கிழமை ஒரு ரோபோ வீட்டுக்கே வந்து சரிபார்க்கும் என்றும் அதில் இருந்தது. பொய் என்று தெரிந்தால் பதினோரு பேரின் படிப்பும் போகும், அவர் வேலையும் போகும்.

ஞாயிறு காலை அவருடைய ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரோபோ ஆறாம் வகுப்பு இளமாறனிடம், "இவர் யார்?" என்றது.

"மிஸ்" என்றான் அவன், பழக்கதோஷத்தில்.

"அம்மாவை எதற்கு மிஸ் என்கிறான்?"

"வீட்டுலயும் நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுப்பா" என்றார் தமயந்தி.

ரோபோ அதை நம்பி, பச்சை விளக்கு காட்டிவிட்டுப் போனது. தமயந்திக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"சரி, கிளம்புங்க. லீவு நாள்தானே, வீட்டுக்குப் போயி..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"எங்க மிஸ் போறது?" என்றாள் சுகிர்தா.

தமயந்தி எழுந்து வெளியே போனார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பெரிய குக்கர் இருக்கிறதா என்று கேட்டார்.