இடப்பக்கம் ஒடித்தால்

பட்டறையில் மூன்று பேர்: மெக்கானிக், போன மாதம் கணவனைச் சாலையில் பறிகொடுத்த அக்கா, நான். பழைய காரை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தோம்.

"கார்ல ஒரு சத்தம் வருதுண்ணே," என்றாள் அக்கா.

"இடப்பக்கம் ஒடிச்சா டக்டக்னு அடிக்குமே, அதானே? ஆக்சில் ஜாயின்ட்மா. கிழவன் முட்டி மாதிரி தேஞ்சுடும்."

"அவர் சர்வீசுக்கு விட்ட அன்னைக்கே சொன்னாரா?"

"ஆளையே பார்க்கலம்மா. சாவியை வாசல் பெட்டியில போட்டுட்டு நடந்தே போயிட்டார். வழியிலயே எவனோ இடிச்சுட்டான். நான் வண்டியைத் தொடவே இல்ல."

"தொடாத வண்டியோட சத்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"என்னை இடிச்சது நம்ம வண்டிதான், அதே டக்டக்." ஆஸ்பத்திரியில் மாமா கடைசியாகச் சொன்னது இதுதான். வண்டிதான் பட்டறையில் நிற்கிறதே, நினைவு தப்பிப் பிதற்றுகிறார் என்று நினைத்திருந்தோம்.

அக்கா வெளியே வந்தாள். நான் ஷட்டரை இழுத்துவிட்டு, அவனை உள்ளே வைத்துப் பூட்டினேன்.